ஐயா உள்ளேதான் இருக்கிறார்

பாசன வாய்க்கால் தகராறுகள் தீர்வுத் தனி அலுவலகம் ஆறு மாதத்துக்கென்று உத்திரமேரூரில் திறக்கப்பட்டது. இந்தக் கதை நடக்கும்போது அதற்குப் பன்னிரண்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. அதுவரை வந்து சேர்ந்த தகராறுகள் நானூற்றுப் பதினேழு. தீர்ந்தவை மூன்று. அதில் இரண்டில் மனுதாரர்கள் காலமாகிவிட்டார்கள். ஒன்றில் வாய்க்கால் காலமாகிவிட்டது.

அலுவலகத்துக்குத் தலைவர் தனி அலுவலர் தாண்டவராயன். அவருக்கு அடுத்த இடத்தில் தலைமை எழுத்தர் சுப்பிரமணி. இவர்களையும் சேர்த்து மொத்தம் பதினான்கு பேர். பதினான்காவது ஆள், வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பியூன் ஞானதாஸ். பதினொரு வருஷமாகத் தற்காலிகம்.

ஞானதாஸுக்கு அலுவலகத்தில் இரண்டு வேலைகள். ஒன்று, டீ வாங்கி வருவது. மற்றொன்று, யார் வந்து கேட்டாலும், "ஐயா கேம்ப் போயிருக்கிறார்" என்று சொல்வது. ஒரு நாளைக்குச் சராசரி பதினான்கு தடவை சொல்வார். சொல்லும்போது ஐயா உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், அல்லது பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார்.

அந்த வருஷம் ஞானதாஸின் நிரந்தர ஆணை வர வேண்டியிருந்தது. கோப்பு காஞ்சிபுரம் வரை போய்த் திரும்பி வந்துவிட்டது. 'நன்னடத்தை உடையவர்' என்று தாண்டவராயன் ஒரு வரி எழுதி, உரிய படிவங்களைப் பூர்த்தி செய்து அனுப்பினால் முடிந்தது. அந்த ஒரு வரிக்காக ஞானதாஸைவிட அதிகமாகக் காத்திருந்தவள் அவர் மனைவி மார்த்தாள். அவள் ஊர்க்காரர் நிலத்தில் நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தாள். மத்தியானம் தாகமெடுத்தால் அந்த வீட்டு அம்மாள் சொம்பை உயரத் தூக்கி ஊற்றுவாள். மார்த்தாள் குனிந்து இரண்டு கையையும் குவித்துக் குடிக்க வேண்டும். ஆணை வந்த மறுநாள் முதல் அங்கே குனிவதில்லை என்று அவள் முடிவு செய்து வைத்திருந்தாள்.

இந்த நிலையில்தான் புத்தாண்டு பிறந்தது.

ஞானதாஸின் சபையில் புத்தாண்டுக் காலை ஆராதனையில் ஆளுக்கு ஒரு வாக்குத்தத்தச் சீட்டு எடுப்பது வழக்கம். வரும் வருஷம் கடவுள் நமக்கு என்னென்ன செய்யப்போகிறார் என்பது அதில் அச்சடித்திருக்கும். ஆசீர்வதிப்பார், உயர்த்துவார், பெருகச் செய்வார். முன்பெல்லாம் சீட்டை வீட்டில் மாட்டுவதோடு நின்றிருந்தது. பிறகு அது ஒரு மோகமாகிவிட்டது. சைக்கிள் மட்கார்டில் ஒட்டினார்கள், டிரான்சிஸ்டர் பெட்டியின் முதுகில் ஒட்டினார்கள். சபைச் செயலாளர், பெருகச் செய்வேன் என்று தமக்கு வந்த சீட்டை எருமையின் கழுத்தில் கட்டினார். அந்த எருமை அந்த வருஷம் சினை பிடிக்கவே இல்லை.

சீட்டு எடுத்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். நூற்றுப் பதினொரு பேருக்குக் கடவுள் என்ன செய்வார் என்பது வந்தது. ஞானதாஸ் ஒருவருக்கு மட்டும், அவர் என்ன செய்ய வேண்டும் என்பது வந்துவிட்டது. இருப்பதை இருக்கிறது என்று சொல். இல்லாததை இல்லை என்று சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். இதுதான் அந்தச் சீட்டின் சாரம்.

போதகர் வாங்கிப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"அடடா, அச்சாபீஸ்ல மாத்திப் போட்டுட்டானுங்க. இது வாக்குத்தத்தம் இல்ல ஞானதாஸ், கட்டளை. இதக் குடுத்துட்டு வேற ஒண்ணு எடு."

"கட்டளைன்னா செய்யக் கூடாதா பாஸ்டரய்யா?"

"செய்யலாம், செய்யலாம். யாரு வாணாம்னது? அதுக்குன்னு வருசம் பூரா எப்படிச் செய்ய முடியும்? கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்றதுக்குக் கூட அம்சமா இல்ல பாரு."

"எனக்கு வந்தது எனக்குத்தானுங்களே" என்று சொல்லிவிட்டு ஞானதாஸ் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கூச்ச சுபாவம் உள்ளவர். இரண்டாவது தடவை பெட்டிக்குள் கைவிட அவருக்கு வெட்கமாக இருந்தது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் இவ்வளவுதான்.

ஜனவரி இரண்டாம் தேதி மாகறல் பச்சமுத்து வந்தார். தம் நிலத்துக்கும் பக்கத்து நிலத்துக்காரர் கிருஷ்ணசாமியின் நிலத்துக்கும் நடுவில் ஓடும் வாய்க்காலைக் கிருஷ்ணசாமி விழுங்கிவிட்டார் என்பது அவர் மனு. ஏழு வருஷமாக வருகிறார். அன்றைக்கு அறுபத்தோராவது தடவை.

"இன்னா ஞானதாசு, ஐயா கேம்புதானே?" என்று கேட்டுக்கொண்டே, திரும்பிப் போகக் குடையை விரித்தார்.

"இல்ல நைனா. உள்ளதான் கீறாரு."

"இன்னாது?"

"உள்ள கீறாரு. பேப்பர் பட்ச்சிக்கினு கீறாரு."

பச்சமுத்து குடையை மடக்கினார். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "இன்னா வோணுமாம்?"

"ஒண்ணும் வாணாம். கீறாரு, அவ்ளோதான்."

"வாயத்தாரு கொண்டாரட்டுமா? இல்ல பூசணிக்காயா?"

"கீறாருன்னா கீறாரு நைனா. உள்ள போ."

பச்சமுத்து விவரம் தெரிந்தவர். ஓர் அதிகாரி இருக்கிறார் என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டால் அதற்கு வேறு அர்த்தம் உண்டு என்பது அவர் அனுபவம். பதினொன்று பத்து பஸ்ஸில் ஊருக்குப் போய், மறுநாள் வாழைத்தாரோடு வந்தார்.

மற்றவர்கள் அவ்வளவு விவரம் தெரிந்தவர்கள் அல்ல. நேராக உள்ளே போனார்கள். அந்த வாரத்தில் மட்டும் முப்பத்தாறு பேர் தாண்டவராயனை நேரில் பார்த்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடி போடுவார் என்பதே ஊருக்கு அப்போதுதான் தெரிந்தது.

சனிக்கிழமை ஞானதாஸுக்கு ஒரு குறிப்பாணை கொடுக்கப்பட்டது: "தனி அலுவலர் அலுவலகத்தில் இருக்கிறார் என்னும் அலுவல் சார்ந்த தகவலை, மேலிட அனுமதி ஏதும் பெறாமல், பொதுமக்களுக்கு வெளியிட்டமைக்காகத் தம் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கான விளக்கத்தை இது கிடைத்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் சமர்ப்பிக்குமாறு மேற்படியார் கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

மேற்படியார் சமர்ப்பித்த விளக்கம்: "ஐயா இருந்தார். இருக்கிறார் என்று சொன்னேன்."

தாண்டவராயன் அவரைக் கூப்பிட்டார்.

"ஏன்யா, பதினோரு வருஷமா நல்லாத்தானே சொல்லிக்கிட்டு இருந்தே? திடீர்னு என்ன வந்தது?"

"சீட்டு வந்துச்சிங்க."

"எந்தச் சீட்டு? நம்பர், தேதி இருக்கா?"

"சாமி கட்டளைங்க."

தலைமை எழுத்தர் சுப்பிரமணி தொண்டையைச் செருமினார். விதிகளை மனப்பாடமாக வைத்திருப்பவர். "சார், நாம மதச்சார்பற்ற அலுவலகம். ஊழியர் மத நம்பிக்கையில தலையிட முடியாது. பொய் சொல்லாம இருக்கிறது மத நம்பிக்கையில சேருமான்னு மேலிடத்துக்கு எழுதிக் கேக்கணும்."

"பதில் எப்ப வரும்?"

"நாலு வருஷம் ஆகும் சார்."

"அதுவரைக்கும் நான் இவங்களை எல்லாம் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

சுப்பிரமணி யோசித்தார். பொய் சொல்லும்படி ஞானதாஸை வற்புறுத்த வேண்டாம். ஐயா இல்லாமல் இருந்தால் போதும். அலுவலகத்துக்குப் பின்கதவு உண்டு. அதைத் தாண்டினால் ஒரு புங்கமரம். வாடகைப் பத்திரத்தை எடுத்துப் பார்த்ததில், பின்சுவரிலிருந்து நாலடி வரைதான் அலுவலக எல்லை என்று தெரிந்தது. டேப் பிடித்து அளந்தார்கள். மரம் பதினோராவது அடியில் இருந்தது. ஆகவே மரத்தடியில் நிற்கும் தனி அலுவலர், சட்டப்படி அலுவலகத்தில் இல்லாதவர் ஆவார். ஞானதாஸும் ஒப்புக்கொண்டார்.

"ஆள் வர்றப்ப நீ ஒரு இருமல் இருமு. ஐயா எழுந்து போயிடுவாரு" என்றார் சுப்பிரமணி.

"எனக்கு இருமல் இல்லீங்களே."

"இல்லாட்டி என்னய்யா?"

"இல்லாத இருமல எப்டிங்க இருமறது?"

கடைசியில் ஜன்னலோரம் உட்காரும் எழுத்தர் ஒருவருக்கு இருமல் பணி ஒதுக்கி உத்தரவு போட்டார்கள். ஏற்பாடு முதல் நாள் நன்றாக நடந்தது. ஆள் வரும், எழுத்தர் இருமுவார், தாண்டவராயன் பின்கதவு வழியாக மரத்தடிக்குப் போவார், "ஐயா உள்ள இல்ல" என்று ஞானதாஸ் நிம்மதியாகச் சொல்வார்.

இரண்டாம் நாள் வந்தவர் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டுவிட்டார். "எங்க போயிருக்காரு?"

"பின்னால புங்கமரத்தண்ட நின்னுக்கினு கீறாரு."

வந்தவர் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடினார். அவர் வருவதைக் கண்டு தாண்டவராயன் பின்கதவு வழியாக உள்ளே ஓடினார். வந்தவர் முன்பக்கம் திரும்பி வந்து, "அங்க காணோமே?" என்றார். "இப்பதான் உள்ள வந்தாரு" என்றார் ஞானதாஸ். மறுபடியும் இருமல். மறுபடியும் மரம். இப்படி அந்த வாரம் திங்கட்கிழமை ஒரு நாள் மட்டும் தனி அலுவலர் அலுவலகத்தைப் பத்தொன்பது தடவை வலம் வந்தார். மாதக் கடைசியில் அவருடைய டாக்டர், சர்க்கரை நன்றாகக் குறைந்திருக்கிறது, இதே மருந்தைத் தொடரலாம் என்றார்.

தாண்டவராயனால் தொடர முடியவில்லை. பிப்ரவரி முதல் வாரத்தில், மூச்சு வாங்கிக்கொண்டே, அந்த அலுவலக வரலாற்றில் யாரும் எடுக்காத முடிவை எடுத்தார். நிஜமாகவே கேம்ப் போவது.

ஜீப் ஏறி மாகறலுக்குப் போனார். போன இடத்தில் சும்மா உட்கார முடியவில்லை. ஊரே கூடிவிட்டது. வேறு வழியில்லாமல் வாய்க்காலை அளந்தார். பச்சமுத்து சொன்னது சரி. கிருஷ்ணசாமி நாலடி விழுங்கியிருந்தார். மறுபக்கத்தில் பச்சமுத்து மூன்றடி விழுங்கியிருந்தார். வாய்க்கால் மொத்தமே ஏழடி. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அங்கேயே உத்தரவு எழுதினார். தகராறு தீர்ந்தது. பச்சமுத்துவும் கிருஷ்ணசாமியும் ஏழு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரே மரத்தடியில் நின்று பேசிக்கொண்டார்கள். உத்தரவை எப்படி ரத்து செய்யலாம் என்று பேசினார்கள்.

மறுநாள் பச்சமுத்து அலுவலகத்துக்கு வந்து முக்காலி முன்னால் நின்றார். "ஏன்யா, உன்ன நான் ஐயா கீறாரான்னுதானே கேட்டேன்? வந்து அளக்கச் சொல்லுன்னா கேட்டேன்? சரி, ஒரு மேல்மனு போடப் போறோம். அந்த மூணடி எங்க பாட்டன் காலத்துலேந்து எங்க கரும்புக் கொல்லதான்னு சாட்சிக் கையெழுத்துப் போடு. நீ சொன்னா நம்புறாங்களாமே."

"நான் பாக்கலியே நைனா."

"பாத்தவன் எவன்யா கீறான்? சத்தியவான்னு சொன்னாங்களேன்னு நம்பி வந்தேன் பாரு, பேஜாரு!"

பிப்ரவரியில் ஒன்பது கேம்ப். ஒன்பது தகராறு தீர்ந்தது. மார்ச் முதல் தேதி காஞ்சிபுரத்திலிருந்து கடிதம் வந்தது. தகராறுகள் திடீரெனத் தீர்ந்துவருவது மேலிடத்தின் கவனத்துக்கு வந்துள்ளது என்றும், இந்த வேகம் நீடித்தால் நாலு வருஷத்துக்குள் தகராறு கையிருப்பு அறவே தீர்ந்துபோகும் என்றும், அதன் பிறகு இந்த அலுவலகமும் பதினான்கு பணியிடங்களும் எதற்கு என்றும் அதில் கேட்டிருந்தார்கள்.

பதின்மூன்று பேரும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார்," என்றார் சுப்பிரமணி, "உண்மை சொன்னதுக்காக ஆளை நீக்க விதி இல்ல. தேடிப் பாத்துட்டேன். ஆனா உண்மை சொல்ற ஆளை நீக்கறது சுலபம். அவரையே ஒரு கேள்வி கேட்டாப் போதும்."

நிரந்தரப் பணிக்கான படிவம் ஞானதாஸிடம் வந்தது. எட்டாவது இடத்தில் 'மதம்' என்று இருந்தது.

ஞானதாஸுக்குப் பெற்றோர் வைத்த பெயர் கன்னியப்பன். ஞானஸ்நானம் எடுத்து இருபது வருஷம் ஆகிறது. வேலைக்குப் பதிந்தபோது சான்றிதழில் இருந்த அந்தப் பழைய பெயரைப் பார்த்து எழுத்தரே 'இந்து' என்று எழுதிக்கொண்டார். அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. ஆதிதிராவிடர் ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. கிறிஸ்தவராகிவிட்டால் அந்த ஒதுக்கீடு கிடையாது. தலையில் தண்ணீர் பட்டதும் அந்தச் சாதி கரைந்துவிடுகிறது என்பது சட்டத்தின் கருத்து. பதினொரு வருஷமாக அலுவலகத்தில் எல்லாரும் அவரை ஞானதாஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு அவர் கொண்டுவந்த கேக்கைச் சுப்பிரமணி இரண்டு துண்டு சாப்பிடுவார்.

"ஒரே ஒரு வார்த்தை" என்றார் சுப்பிரமணி, அன்பாக. "பழையபடி 'இந்து'ன்னு எழுதிடு. நாளைக்கே ஆர்டர். எழுதிட்டேன்னா அப்புறம் கேம்ப்னு சொல்றதுலயும் உனக்குச் சங்கடம் இருக்காது பாரு."

ஞானதாஸ் போதகரிடம் போனார்.

"எழுதுப்பா" என்றார் போதகர். "கர்த்தர் இருதயத்தப் பாக்கறவரு. பாரம் எட்டாம் நம்பரையா பாக்கப் போறாரு?"

"அப்ப இருதயத்துல உண்மை இருந்தா வாயில பொய் இருக்கலாமுங்களா?"

"நீ ரொம்பக் கேக்கற. இந்த மாதிரி கேள்வி கேட்டா சபை வளராது."

வீட்டில் மார்த்தாள் கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். படிவத்தை அவள் முன்னால் வைத்தார்.

"எய்து" என்றாள். "சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"பொய்யி மார்த்தா."

"எது பொய்யி? தண்ணி ஊத்திக்கினு இருவது வருசம் ஆச்சே, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில உன் கிளாஸு மாறிச்சா? தனிக் கிளாஸ்தானே? நீயே கயுவித்தானே கவுத்துட்டு வர்ற? அவனுக்குத் தெரியற சாதி கவர்மென்டுக்குத் தெரியலியா? அவங்க சொல்றது பொய்யி இல்லியா? எல்லாப் பொய்யும் அவங்க சொல்லலாம், நீ ஒரு வார்த்த சொன்னா வானம் இடிஞ்சிடுமா?"

ஞானதாஸ் படிவத்தை எடுத்து மடித்துக்கொண்டார். அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் உள்ளங்கைகளை ஒரு தடவை பார்த்தார். அந்த ஆணை தமக்கு எவ்வளவு வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் படிவத்தில் அதற்கு இடம் விடவில்லை.

மறுநாள் பூர்த்தி செய்து கொடுத்தார். 'மதம்: கிறிஸ்து மதம். சாதி: ஞானஸ்நானத்துக்கு முன்னால் இருந்ததே இப்போதும் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் பஸ் நிலைய டீக்கடையில் விசாரிக்கவும்.'

இருபத்தாறே நாளில் ஆணை வந்துவிட்டது. அந்த அலுவலகத்தில் இவ்வளவு சீக்கிரம் எதுவும் வந்ததில்லை. "மேற்படியார் கிறிஸ்து மதத்தைத் தழுவியதன் விளைவாக, அவரைச் சார்ந்திருந்த சாதி, தழுவிய தேதி முதல் அற்றுப்போனதாகக் கருதப்படுகிறது. டீக்கடை என்பது இப்பொருளில் தகுதிவாய்ந்த அதிகாரி அல்ல. எனவே அன்னாரது தற்காலிகப் பணி உடனடியாக முடித்துவைக்கப்படுகிறது."

ஞானதாஸிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். ஆணையை அவரிடம் தரவில்லை. அது அலுவலகக் கோப்புக்கு உரியது. மார்த்தாள் ஆறு நாள் அவரோடு பேசவில்லை. ஏழாம் நாள் களை எடுக்கப் போகும்போது, "நீயும் வா. ஆம்பள ஆளு கேட்டாங்க" என்றாள்.

சபையில் அவருக்குப் பாராட்டு விழா நடந்தது. மைக் வைத்தார்கள். கடைசிக் காலத்தில் இப்படி ஒரு சாட்சி அபூர்வம் என்று போதகர் ஐம்பது நிமிஷம் பேசினார். சபைச் செயலாளர் சால்வை போர்த்தினார். போர்த்தும்போதே காதோரம் குனிந்து, "உன் எடம் எப்பப்பா நிரப்புறாங்க? நம்ம மருமவனுக்கு இந்துன்னு சர்டிபிகேட்டு ரெடியா கீது" என்றார்.

பதின்மூன்றாம் நாள் மருமகன் முக்காலியில் உட்கார்ந்தான்.

மே மாதத்தில் ஞானதாஸ் அலுவலகத்துக்கு ஒரு மனு எடுத்துக்கொண்டு போனார். வாசலில் பச்சமுத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாகறல் உத்தரவு மேல்மனுவில் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. தகராறு பழையபடி உயிரோடு இருந்தது.

"ஸ்தோத்திரம்ணே" என்று எழுந்தான் செயலாளரின் மருமகன். மனுவை வாங்கிப் படித்தான். 'எனக்குச் சாதி இல்லை என்று அரசாங்கம் சொல்லியிருக்கும் ஆணையில் கையெழுத்தும் முத்திரையும் வைத்த நகல் இரண்டு வேண்டும். ஒன்று டீக்கடையில் காட்டுவதற்கு. மற்றொன்று என் மனைவி களை எடுக்கும் வீட்டு அம்மாளிடம் காட்டுவதற்கு.'

அவன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு மெதுவாக, "அண்ணே, மூணு காப்பியா கேளேன். எனக்கும் அதே கிளாஸ்தான்" என்றான்.

"உனக்குத்தான் சாதி கீதே தம்பி. நீ கவர்மென்டுல இந்துவாச்சே."

அவன் முகம் சுருங்கியது. மனுவைத் திருப்பி நீட்டினான். "ஐயா கேம்ப் போயிருக்காரு."

உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் நன்றாகக் கேட்டது. ஞானதாஸ் கதவைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"தெரியும்பா" என்றார் பெஞ்சிலிருந்து பச்சமுத்து. "கத்தாதே, தூக்கம் கலஞ்சிடும். எய்ந்தாருன்னா வந்து அளந்துடுவாரு. இந்தப் புள்ள தங்கமான புள்ள. கேம்புன்னு சொல்லிச்சா, நாம நிம்மதியா வூட்டுக்குப் போலாம். நீ இருந்தப்ப ஒரு நாளாவது நிம்மதி உண்டா? குந்து, ஒண்ணே காலுக்குத்தான் பஸ்ஸு."

ஞானதாஸ் பெஞ்சில் உட்கார்ந்தார். பச்சமுத்து மரியாதையாகவே நகர்ந்து அந்தக் கோடிக்குப் போனார். நாலு பேர் உட்காரும் பெஞ்சு அது. நடுவில் இரண்டு ஆள் இடம் விட்டு, இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.